ஒரே பானை, ஒரே பந்தி

பதுளையில் எங்கள் அடைக்கல வீட்டை யாரும் அந்தப் பெயரால் சொன்னதில்லை. "காப்பி ஸ்டோர்" என்றுதான் சொல்வார்கள். காப்பி செழித்த காலத்தில் கொட்டையைக் காயவைத்து மூட்டை கட்டிய கட்டடம் அது. காப்பிக்கு நோய் விழுந்து தோட்டங்களெல்லாம் தேயிலைக்கு மாறிய பிறகு சும்மா கிடந்தது. மிஷன்காரர்கள் அதை வாங்கி, தகரத்தை மாற்றி, பலகைத் தரையைக் கழுவி, போக்கிடம் இல்லாதவர்களைப் படுக்கவைத்தார்கள். முன்பு கொட்டையைப் பரப்பிய இடத்தில் ஆட்களைப் பரப்பினார்கள், அவ்வளவுதான். எத்தனை தடவை தேய்த்துக் கழுவினாலும் மழைக்காலத்தில் அந்தப் பலகைகளிலிருந்து பழைய வாடை வரும்.

நானும் அப்படிப் படுக்க வந்தவள்தான். தோட்டத்தில் என் புருஷன் காய்ச்சலில் போனதும், ஆம்பிளை இல்லாத காம்பராவை, அதாவது லயத்து அறையை, வேறு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று கங்காணி என் சட்டி பானையைத் தூக்கி லயத்து வாசலில் வைத்துவிட்டான். பசறைப் பாதையில் நடந்து வந்து ஸ்டோர் வாசலில் உட்கார்ந்தேன். பொறுப்பாக இருந்த வெள்ளைக்கார அம்மாவை எல்லோரும் மிஸ்ஸியம்மா என்போம். அவர் என்னிடம் என்ன வேலை தெரியும் என்று கேட்டார். சமைப்பேன் என்றேன். கொழுந்து பறிப்பேன் என்று சொல்லியிருந்தால் இன்னொரு தோட்டத்துக்கு அனுப்பியிருப்பார். என் வாய் எனக்குக் கெடுதல் செய்துதான் பழக்கம். அன்றைக்கு ஒரு நாள் நல்லது செய்தது. ஞானஸ்நானம் வாங்கியதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் சொல்லப்போவது தேயிலை விலை விழுந்த வருஷத்துக் கதை. விலை விழுந்தால் துரைமார் முதலில் கிழடுகளையும் நோயாளிகளையும்தான் கழித்துவிடுவார்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினாலாவது மறுபடி துளிர்க்கும். இவர்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பாதையில் இறங்கிவிடுவார்கள். எந்தப் பக்கம் போவது என்று அவர்களுக்கே தெரியாது. தெமோதரைப் பக்கம் ரயில்பாதை வெட்டிக்கொண்டிருந்ததால், அங்கே கல் உடைக்கப் போய்க் கை கால் நசுங்கியவர்களும் வந்தார்கள். மிஷன் உபதேசியார் மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போய், பாதையோரம் விழுந்து கிடப்பவர்களைத் தூக்கி வருவார். சிலரைப் புதைப்பதற்காகவே தூக்கி வந்ததுபோல் இருக்கும். புண்ணைக் கழுவுவது, பேன் பார்ப்பது, கஞ்சி காய்ச்சுவது, குழி வெட்டுவது, இவைதான் எங்கள் ஊழியம். ஜெபமும் உண்டு. கஞ்சிக்கு முன்னால் என்பதால் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

மிஸ்ஸியம்மா வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். ஒரே பானை, ஒரே பந்தி. யாராக இருந்தாலும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே பானைச் சோற்றைத்தான் சாப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் பந்தியின் கடைசியில் கால் மடக்க முடியாமல் மடக்கி உட்காருவார். தோட்டத்தில் தப்பு அடித்தவரின் மகள் நான். என் அப்பா கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் அடித்துவிட்டு, லயத்துக்குப் பின்னால் நின்று இலையில் சோறு வாங்கி வருவார். அப்படிப்பட்டவளின் கைச் சோற்றை, தங்களைக் குடியான சாதி என்று சொல்லிக்கொண்டவர்கள் முதல் நாள் முகத்தைத் திருப்பி, இரண்டாம் நாள் முனகி, மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கினார்கள். அதில் எனக்குச் சந்தோஷம் உண்டு. பெருமை பாவம் என்று உபதேசியார் சொல்வார். இருக்கட்டும். அவர் அப்பா யார் வீட்டுப் பின்னாலும் நின்றதில்லை.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். பத்து வரைக்கும் எண்ணியவர்கள் பதினோராவதை எண்ண மறந்துவிட்டார்கள் என்பதை அந்த மூன்று பேரும் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஒரு கிழவர், அவர் மருமகள், அவள் கையில் பிறந்து சில வாரமே ஆன பெண்பிள்ளை. கிழவர் தோட்டத்தில் சில்லறைக் கங்காணியாக இருந்தவர். ஆட்களை மேய்த்த பழக்கத்தில், துரத்தப்பட்ட பிறகும் தலைப்பாகையை அவிழ்க்காமல் வந்தார். அவருடைய அக்காள் மகன் பசறைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கங்காணியாம். அங்கே ஒரு காம்பரா கேட்டுப் பார்க்கத் தன் மகனை அனுப்பியிருந்தார். மகன் திரும்பி வரும்வரை தங்க இடம் வேண்டும், தண்ணீர் நாங்களே ஓடையில் எடுத்துக்கொள்வோம், சோறு வேண்டாம், அரிசி கொடுத்தால் போதும் என்றார்.

"அரிசியாக் குடுத்தா நாங்க பொங்கிக்கிருவோம்" என்று என்னிடம் சொல்லவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த தூணைப் பார்த்துச் சொன்னார்.

"இங்க எல்லாருக்கும் ஒரே பானைதாங்க, பெரியவரே" என்றேன். நான் அவரைச் சாமி என்று கூப்பிடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். பெரியவரே என்றதும் முகம் சுருங்கியது.

அந்த வருஷம் அரிசிக்கும் பஞ்சம். பர்மா அரிசி சரியாக வரவில்லை. கடை வீதியில் யாரும் பிச்சையாக அரிசி போடவில்லை. எங்களுக்கு அரிசி தந்துவந்த கடை முதலாளியை நான் நானா என்று கூப்பிடுவேன். அந்த முஸ்லிம் மனுஷர் பழகிய முகத்துக்காக மிஷனுக்கு மட்டும் ஒதுக்கிக் கொடுத்துவந்தார். கிழவரையும் மருமகளையும் பற்றிச் சொன்னதும் முந்தின நாள் சுட்ட பணிஸ் ரொட்டியையும் கொஞ்சம் வாழைப்பழத்தையும் கட்டிக்கொடுத்தார். பணிஸும் பழமும் யார் கையால் வந்தாலும் அவர்களுக்குத் தீட்டில்லை, சோறு மட்டும்தான் தீட்டு. கிழவர் தன் பங்கையும் மருமகளுக்கே கொடுத்துவிட்டுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்தார். அதைப் பார்த்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் காய்ந்த பணிஸில் பால் ஊறுமா? பிள்ளை மார்பைக் கவ்வும், இழுக்கும், விட்டுவிட்டு அழும். மிஸ்ஸியம்மா பசும்பாலைக் காய்ச்சித் தண்ணீர் கலந்து சங்கில் கொடுக்கச் சொன்னார். கிழவர் அதைத் தடுக்கவில்லை. பிள்ளைக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை, போன பால் அப்படியே பேதியாக வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்த டிரஸ்ஸர், தாய்ப்பால்தான் மருந்து, தாய் வயிறாரச் சாப்பிட்டால் பால் வரும், வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இது அழுது பார்த்துவிட்டுச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

நான் மிஸ்ஸியம்மாவிடம் போனேன்.

"அம்மா, ஒரு கொத்து அரிசியக் குடுத்துருவோங்க. பொங்கித் தின்னுட்டுப் போகட்டும்."

"இன்றைக்கு ஒருவருக்கு அரிசி கொடுத்தால் நாளைக்குப் பத்துப் பேர் தனி அடுப்புக் கேட்பார்கள்" என்றார். அவர் பேசுகிற தமிழ் வேதபுத்தகத்தில் இருக்கிற தமிழ். "உன் கைச் சோற்றை ஒருவர் தள்ளினால், அதை இந்த வீடு ஏற்றுக்கொள்ளலாமா? நீயே சொல்."

எனக்காகப் பேசியவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். என்னால் என்ன சொல்ல முடியும்? என் மானத்தையும் அந்தப் பிள்ளையின் உயிரையும் ஒரே தட்டில் வைத்து நீட்டினார். நான் அடுப்படிக்குத் திரும்பி வந்தேன், அன்று குழம்பில் உப்பு கூடிவிட்டது.

கிழவரிடம் சண்டை போட்டுப் பார்த்தேன். "இது யாருடைய பேத்தி? எனக்கா பேத்தி?" என்று கேட்டேன். அவர் இந்தத் தடவை தூணைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

"ஒனக்குத் தெரியாது. என் அக்கா மகன் தோட்டத்துக்காரன் ஒருத்தன் இந்தப் பந்தியில ஒக்காந்திருக்கான். நாங்க இங்க தின்னது நாளைக்கே அங்க தெரியும். அப்பறம் யாரு எங்களுக்குக் காம்பரா குடுப்பா? எந்தப் பந்தியில ஒக்காருவோம்? இந்தப் புள்ளைய வளத்து யாருக்குக் கட்டிக்குடுக்க?"

பல் முளைக்காத பிள்ளைக்குக் கல்யாணக் கவலை. சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. தலைக்கு மேல் கூரை வேண்டுமென்றால் சொந்தக்காரர் வேண்டும், சொந்தக்காரர் வேண்டுமென்றால் சாதி வேண்டும். எங்களிடம் கூரை இருந்தது, ஆனால் அதன் கீழ் யாரும் குடும்பமாக வாழ்ந்துவிட முடியாது.

மறுநாள் நான் மிஸ்ஸியம்மாவிடம் மறுபடி கேட்கவில்லை; முன்பு கேட்டதை அன்றைக்குக் கணக்கில் சேர்க்கவில்லை. கேட்டு, அவர் மாட்டேன் என்று சொன்ன பிறகு எடுத்தால் அது திருட்டு. கேட்காமல் எடுத்தால் சமையல்காரிக்கு உள்ள உரிமை. அரிசி அறையிலிருந்து ஒரு கொத்தை அளந்து துணியில் முடிந்து, ஸ்டோருக்குப் பின்னால் பலாமரத்தடியில் உட்கார்ந்திருந்த கிழவரிடம் நீட்டினேன். கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார். வைத்தேன். தள்ளியும் நின்றேன். என் வாயை நான் அப்படி அடக்கியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வேகாத அரிசிக்குத் தீட்டில்லையாம், வெந்தால்தான் தீட்டாம். நெருப்பு எல்லாவற்றையும் சுத்தமாக்கும் என்று சொல்கிறவர்களும் இதே ஆட்கள்தான்.

மூன்று கல்லைக் கூட்டி, அவர்கள் கொண்டு வந்த மண்சட்டியில் அந்தப் பெண் உலை வைத்தாள். மழையில் நனைந்த விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் ஊதுகுழல். கிழவர் இன்னும் கொஞ்சம் தண்ணீர் எடுக்க ஓடைக்கு இறங்கியிருந்தார். அப்போதுதான் புகையைப் பார்த்துவிட்டு மிஸ்ஸியம்மா வந்தார்.

நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் மார்பில் வாயை வைத்துக்கொண்டு உறிஞ்சக்கூடப் பலமில்லாமல் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். அவர் முகம் இளகியது. சட்டம் என்று பேசிய முகமே இல்லை அது. அந்த நேரம் பார்த்து உலை பொங்கி, மூடி தடதடத்து, நுரை விறகில் வழிய ஆரம்பித்தது. பெண் பிள்ளையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறினாள். மிஸ்ஸியம்மா சட்டென்று குனிந்து, பாவாடை நுனியால் மூடியைத் தூக்கி, நுரையை ஊதி, அகப்பையை எடுத்து ஒரு கிண்டு கிண்டினார். எங்கள் அடுப்படியில் என்னைப் பார்த்துப் பழகிய கை.

"பார், வெந்துவிட்டது" என்று சிரித்தார்.

கிழவர் தண்ணீரோடு மேலே ஏறி வந்து அதைப் பார்த்தார். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தார். தலைப்பாகையை அவிழ்த்து, அதால் சட்டியைப் பிடித்துத் தூக்கிப் பலாமரத்து வேரில் கொட்டினார்.

"மாமா, கஞ்சித் தண்ணியாவது..." என்றாள் அந்தப் பெண்.

"வேணாந் தாயி. கைபட்டுருச்சு."

வேரில் விழுந்த சோற்றிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. காக்கைகள் முதலில் அதற்குப் பயந்து தள்ளி நின்றன. அந்த வருஷம் ஒரு கொத்து அரிசிக்குக் கடை வாசலில் மனுஷர்கள் அடித்துக்கொண்டார்கள்.

மிஸ்ஸியம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போய், "நான் உதவிதானே செய்தேன்? என்ன தவறு செய்தேன்?" என்று கேட்டார்.

"நீங்க தொட்டுட்டீங்க அம்மா."

"நானா? நான் தொட்டால் என்ன?"

"நீங்க மாட்டெறச்சி திங்கிறவங்க. அவங்களுக்கு நீங்களும் எங்கள மாதிரிதாங்க."

இத்தனை வருஷம் எங்களுக்காகப் பரிந்து பேசியவர், தானும் எங்களோடு சேர்த்திதான் என்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார். அதைச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது. திருப்திப்படுகிற நேரமா அது என்றால், இல்லைதான்.

அவர் பயந்தது அன்று மத்தியானமே நடந்தது. மரத்தடிப் புகையைப் பார்த்திருந்த சில குடும்பங்கள் பந்தியில் உட்காராமல் நின்று, எங்களுக்கும் அரிசியாகக் கொடுங்கள் என்றன. மாதக்கணக்கில் என் கைச் சோற்றைத் தின்று உடம்பு தேறியவர்களுக்கு அன்றைக்குத்தான் சாதி ஞாபகம் வந்தது. மிஸ்ஸியம்மா அரிசி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். சட்டம் பிழைத்துக்கொண்டது.

அந்தப் பெண்ணை மட்டும் தனியாக அடுப்படிக்குப் பின்னால் கூப்பிட்டேன். சோற்றைப் பிசைந்து ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தேன்.

"யாரும் பாக்கல. ஒரு வாய் தின்னு."

கிண்ணத்தை அவள் பார்த்த பார்வையை நான் சொல்லமுடியாது. எச்சிலை விழுங்கினாள்.

"தெரிஞ்சா மாமா என்னைய விட்டுட்டுப் போயிருவாங்க. புள்ளைய வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்? அவுக வரட்டும். அவுகள ஒரு வார்த்த கேட்டுட்டுச் சாப்புடுறேன்."

அவுக என்றால் அவள் புருஷன். இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று பசறைப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டுமானால் அவள் வாயைத் திறந்து ஊட்டியிருக்கலாம்; ஸ்டோரில் எத்தனையோ பிள்ளைகளுக்கு மருந்து புகட்டிய கைதான் என் கை. ஆனால் அப்படிப் புகட்டிய சோறு பாலாக மாறாது என்று எனக்குத் தோன்றியது. கிண்ணத்தைக் கால் நசுங்கிய ஒருவருக்குக் கொடுத்தேன்.

பிள்ளை ஒரு காலையில் போய்விட்டது. கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அசையலைங்க" என்று என்னிடம் காட்டினாள். தொட்டுப் பார்த்தேன். என் கை பட்டதை அன்று யாரும் தீட்டாகப் பார்க்கவில்லை.

ஞானஸ்நானம் வாங்காத பிள்ளையை மிஷன் கல்லறையில் வைக்கலாமா என்று உபதேசியார் இழுத்தார். மிஸ்ஸியம்மா ஒரே வார்த்தையில் வைக்கச் சொல்லிவிட்டார். குழி வெட்டியவன் என் சாதி ஆட்களில் ஒருவன். அவன்தான் கிழவர் கையிலிருந்து பிள்ளையை வாங்கி உள்ளே இறக்கினான். கிழவர் தடுக்கவில்லை. சோறு போடும் கைக்கு இருந்த தீட்டு மண் போடும் கைக்கு இல்லை. அப்படி ஒரு வார்த்தை என் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அவர் அவிழ்ந்த தலைப்பாகையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியதைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் மணி அடித்ததும் அவள் எழுந்து வந்து பந்தியில் உட்கார்ந்தாள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. கிழவர் சுவர் ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் சோறு வைத்தேன். தலையைக் குனிந்தபடி சாப்பிட்டாள். மறுபடி வைத்தேன், அதையும் சாப்பிட்டாள். அடுத்த வேளையும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். எல்லோரும் அவரவர் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

பிறகு ஒரு காலையில் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது.

"அக்கா, பால் கட்டிருச்சு. வலிக்குது."

அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டது அன்றுதான். எனக்கு அடுப்பில் இருந்ததை இறக்கக்கூடத் தோன்றவில்லை. மார்பு கல்லாக இறுகி, தொட்டாலே துடித்தாள். பால் வற்ற மல்லிகைப் பூ வைத்துக் கட்டுவது எங்கள் வழக்கம். நானா வீட்டு முற்றத்தில் மல்லிகைப் பந்தல் உண்டு. ஓடினேன்.

"இந்த நேரத்துல பூ என்னத்துக்கு?" என்று கேட்டார். சொன்னேன். வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, பந்தலில் இருந்த அவ்வளவையும் பறித்துத் தரச் சொன்னார்.

நான் பூவை அவள் மார்பில் வைத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது அவள் புருஷன் வந்தான். பிள்ளை போன செய்தியை உபதேசியார் வாசலிலேயே அவனுக்குச் சொல்லியிருந்தார். அவளுக்காகக் கட்டியிருந்த மறைப்புத் துணிக்கு அந்தப் பக்கம் அப்பாவின் முன்னால் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதான். கிழவரின் அக்காள் மகன் காம்பரா இல்லை என்று கையை விரித்துவிட்டானாம். அந்தத் தோட்டத்திலும் ஆட்களைக் கழிக்கிறார்களாம். வெறுங்கையோடு வரக் கூசி, தெமோதரைப் பக்கம் ரயில்பாதையில் கல் உடைக்கச் சேர்ந்துவிட்டான். கிழவர் நடந்ததையெல்லாம் சொன்னார். கொட்டிய சோற்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

"சாப்புட வேண்டியதுதானேப்பா" என்றான் மகன். "நான் அங்க கூடாரத்துல யாரு பொங்குறதுன்னு கேட்டா திங்கிறேன்? நான் என்ன சொல்லப் போறேன்? சாப்புடச் சொல்லியிருக்கலாமே."

இந்தப் பக்கம் பூவை வைத்த துணியில் என் கை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது. பூவெல்லாம் பாலில் நனைந்து என் விரலோடு ஒட்டியது. அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா, நீங்க கிண்ணத்துல குடுத்தப்பவே தின்னுருந்தா அப்பவே வந்திருக்குமா?"

துரையிடமும் கங்காணியிடமும் மிஸ்ஸியம்மாவிடமும் மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொன்னவள் நான். டிரஸ்ஸர் சொல்லிவிட்டுப் போனது எனக்கு மறக்கவில்லை.

"வந்திருக்காது தாயி" என்றேன். "அதுக்கு முன்னாடியே வத்திப் போச்சு. ஒண்ணும் ஆகியிருக்காது."

அவள் நம்பினாளா என்று தெரியாது. தலையை ஆட்டினாள். மத்தியானத்துக்குள் பூ வாடிவிட்டது, அதை அவிழ்த்துவிட்டு வேறு பூ வைத்துக் கட்டினேன்.